சந்தை ஆடும் பனிமானும்

பனிமானை வரையச் சொன்னால் பிள்ளைகள் புள்ளிமானைத்தான் வரைகிறார்கள். புள்ளியை மட்டும் வைக்காமல் விட்டுவிட்டு, தலையில் இரண்டு பெரிய கொம்பை ஏற்றி, மூக்கில் சிவப்பைத் தீட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். மெல்லிய கால், நிமிர்ந்த கழுத்து, ஒடுங்கிய முகம் எல்லாம் நம் ஊர் மானுடையவை. கடையில் தொங்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளிலும் பெரும்பாலும் இதே மான்தான். அரையாண்டு விடுமுறையில் செஞ்சியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஓவியம் பழக வரும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு டிசம்பரிலும் இதைப் பார்க்கிறேன். அவர்கள் நோட்டைக் கையில் வாங்கும்போதெல்லாம் எங்கள் டிராயிங் சாரின் முகம் எனக்கு முன்னால் வந்துவிடும்.

நான் பள்ளியில் படித்தது 1980களில். அந்தக் காலத்தில் நோட்டுகளுக்கு அட்டை போடச் ‘சோவியத் நாடு’ இதழை விட்டால் வேறு தாள் கிடையாது. வழவழவென்று தடிமனாக இருக்கும், வருஷம் முழுக்கக் கிழியாது. எடைக்கு வாங்கி வந்து, எந்தப் பக்கம் எந்த நோட்டுக்கு என்று வீட்டில் சண்டை போட்டுப் பிரித்துக்கொள்வோம். என் பங்குக்கு வந்த ஒரு பக்கத்தில் பனிக்காடு. தோலாடை போட்ட ஒரு மனிதர் சறுக்குவண்டியில் உட்கார்ந்திருக்கிறார். அதை இழுப்பவை குட்டைக் காலும் தடித்த கழுத்தும் கொண்ட மான்கள். தலையைத் தாழ்த்தி, முதுகின் மட்டத்திலேயே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கழுத்துக்கடியில் வெளுத்த தாடி. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் அந்த வருஷத்துத் தமிழ்ப் பாடங்களை எழுதினேன்.

மார்கழி பிறந்ததும் காந்தி பஜார் கடைகளில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பும் பானையும் மாடும் போட்ட பொங்கல் அட்டைகளுக்கு நடுவில் கிறிஸ்துமஸ் அட்டைகளும் இருக்கும். அவற்றில் இருந்த மானும் என் நோட்டு அட்டையில் இருந்த மானும் ஒன்றில்லை என்று எனக்குப் பட்டது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் சாரிடம் காட்டினேன். சார் நெடுநேரம் பார்த்தார்.

“ரெண்டுல எதுடா நெசம்?”

“போட்டோவுல இருக்கறதுதான் சார்.”

“அப்ப அதையே வரையலாம். ஆனா மொதல்ல ஆட்ட வரையணும். வெள்ளிக்கிழம சந்தைக்கு வா.”

செஞ்சி வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். பொழுது விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வெள்ளாடும் செம்மறியும் வந்து நிற்கும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள், பல்லைப் பிடித்து வயது பார்க்கிறவர்கள், தன் ஆடு தெரிவதற்காக முதுகில் சாயம் தடவி வைத்திருப்பவர்கள் என்று அது ஒரு தனி உலகம். அந்த நெரிசலில் ஓரமாக ஒரு கல்லில் என்னை உட்கார வைத்து, சார் கேட்ட முதல் கேள்வி கொம்பைப் பற்றியது அல்ல. “பின்னங்கால் எங்க மடங்குது, பாத்துச் சொல்லு” என்றார்.

முட்டி பின்பக்கமாக மடங்குகிறது என்று சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். சார் குனிந்து தன் குதிகாலைத் தொட்டுக் காட்டினார். “அது முட்டி இல்லடா, இது.” ஆட்டின் பின்னங்காலில் பாதி உயரத்தில் பின்னோக்கித் துருத்திக்கொண்டிருப்பது அதன் குதிகால். உண்மையான முட்டி மேலே, வயிற்றை ஒட்டி, தோலுக்குள் மறைந்திருக்கிறது. ஆடு நடப்பது உள்ளங்காலால் அல்ல, இரண்டு விரல்களின் நுனியால். அந்த விரல்களின் நகம்தான் குளம்பு. பின்பக்கம் சற்று மேலே தொங்கும் இரண்டு சின்ன முண்டுகள், தரையைத் தொடாமல் குறுகிப்போன மற்ற இரண்டு விரல்கள். மாட்டுக்கும் மானுக்கும் இதே அமைப்புதான். குதிரைக்கு மட்டும் காலுக்கு ஒரே விரல். தேசிங்கு ராஜன் கதை கேட்டு வளர்கிற செஞ்சிப் பிள்ளைகள் முதலில் வரையப் பார்ப்பது குதிரையை என்பதால், சார் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்வார். குதிரைக் குளம்பை மானுக்கு வைத்துவிட்டால் படம் முழுக்கப் பொய்யாகிவிடும் என்பது அவர் கட்சி.

அதன்பின் பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போனபோது, அர்ச்சுனன் தபசுப் பாறையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் மானைக் காட்டினார். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் அது. யானைகளையும் கங்கையையும் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். பல்லவச் சிற்பி குதிகால் எங்கே, முட்டி எங்கே என்று கல்லில் எவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறான் என்பது, சந்தையில் ஆட்டுக்காலைப் பார்த்துவிட்டு வந்த எனக்குப் புரிந்தது. அந்த ஒரு மானைப் பார்க்கவே மாமல்லபுரம் போகலாம் என்று இன்றும் சொல்வேன்.

கொம்புக்கு வருவோம். பிள்ளைகளுக்கு ஆசை அதில்தான். மாட்டுப் பொங்கலுக்கு நாம் வர்ணம் பூசும் கொம்பு, உள்ளே எலும்பும் மேலே நகம் செய்யப்பட்டிருக்கும் அதே பொருளாலான உறையும் கொண்டது. ஆட்டுக்கும் அப்படியே. அது விழாது, கூடவே வளரும். கிண்டியில் புள்ளிமானோடு சேர்ந்து மேயும் வெளிமானின் முறுக்குக் கொம்பும் இந்த வகைதான். புள்ளிமான், மிளா, பனிமான் ஆகியவற்றின் கொம்பு வேறு. அது முழுக்க எலும்பு, கிளை விடும். ஒருமுறை விழுந்ததும் அடியிலிருந்து புதிதாக முளைக்கும். வளரும் காலத்தில் மெல்லிய ரோமத்தோல் அதைப் போர்த்தியிருக்கும், அதற்குள் ரத்தம் ஓடும். வளர்ச்சி முடிந்ததும் அந்தத் தோல் உலர்ந்து உரியும், மான் அதை மரத்தில் தேய்த்து எடுக்கும். “விழும்போது வலிக்குமா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். வளர்ச்சி முடிந்த கொம்பில் உயிரோட்டம் இல்லாததால் அது தானாகக் கழன்று விழும் என்று சொன்ன பிறகுதான் அவள் பென்சிலை எடுத்தாள்.

மான் குடும்பத்தில் ஆணுக்கு மட்டுமே கொம்பு என்பது பொது விதி. பெண்ணுக்கும் கொம்பு வழக்கமாக இருப்பது பனிமானுக்குத்தான். வளர்ந்த ஆண்கள் இணைசேரும் காலம் முடிந்து, நவம்பர், டிசம்பர் வாக்கில் கொம்பை உதிர்த்துவிடும். பெண்களோ குளிர்காலம் முழுக்க வைத்திருந்து, வசந்தத்தில் குட்டி போடும் சமயத்தில்தான் உதிர்க்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. பனியைக் குளம்பால் தோண்டித் தீனியைக் கண்டுபிடித்த பிறகு, வேறொன்று வந்து அந்தக் குழியைப் பிடுங்கிக்கொள்ளாமல் காக்க, வயிற்றில் குட்டியோடு இருக்கும் தாய்க்குக் கொம்பு வேண்டும். ஆகவே கிறிஸ்துமஸ் படத்தில் கொம்போடு வண்டி இழுக்கிற மான்கள் பெரும்பாலும் பெண்களாக இருக்க வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் திண்ணையில் பெண் பிள்ளைகளின் பக்கம் பெரிய ஆரவாரம் எழும்.

பனிமான் பனியைத் தோண்டித் தின்பது என்ன தெரியுமா? லைக்கன். நம் அடுப்பங்கரையில் குழம்புக்கும் பிரியாணிக்கும் தாளிக்கிற கல்பாசி இருக்கிறதே, அதன் சொந்தம். செஞ்சிக் கோட்டைப் பாறைகளில் வெளிறிய திட்டுகளாக ஒட்டிக்கொண்டிருப்பவற்றிலும் அந்த வகை உண்டு. பிள்ளைகளில் ஒருவன் அடுத்த நாள் வீட்டிலிருந்து கல்பாசி கொண்டுவந்து எல்லோருக்கும் முகரக் கொடுத்தான். உலகத்தின் உச்சியில் வாழும் ஒரு விலங்கு அவர்களுக்கு நெருக்கமானது அந்த வாசனையில்தான். நான் சொன்ன எதுவும் அந்த வேலையைச் செய்திருக்காது.

இனி, வரையும் முறை. சார் எனக்குக் காட்டியதையே கொஞ்சம் கூட்டிச் சொல்லித் தருகிறேன். பென்சிலை அழுத்தாமல், படுக்கையாக ஒரு நீள்வட்டம் போட வேண்டும். அது உடம்பு. புள்ளிமானுக்குப் போடுவதைவிட இது கனத்திருக்க வேண்டும். பனிமான் அப்படி ஒன்றும் உயரமில்லை, தோளில் சுமார் 1 மீட்டர்தான் நிற்கும், ஆனால் உடல் பருத்தது. தோளில் ஒரு சின்ன மேடு வைக்க வேண்டும். கழுத்தை மேலே ஏற்றக் கூடாது, முன்னால் நீட்ட வேண்டும். முகம் மழுங்கலாக, மூக்கு நுனிவரை ரோமத்தோடு இருக்க வேண்டும். அந்த ரோமம் இல்லாவிட்டால் பனிக்குள் மூக்கை நுழைத்து மேய முடியாது. காது சிறியது, வால் குட்டை. குளிர் நாட்டு விலங்குகளுக்கு உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள் பெரிதாக இருந்தால் சூடு வீணாகிவிடும். கழுத்துக்கடியில் தாடியை நீண்ட கோடுகளாக இழுக்க வேண்டும்.

கால்களுக்கு முன் நான் பிள்ளைகளை நிறுத்தி, குதிகால் எங்கே என்று ஒரு புள்ளி வைக்கச் சொல்வேன். பிறகுதான் கோடு. கால் குட்டையாக, தடித்து இருக்கட்டும். குளம்பு அகலம், இரண்டு பிறைகளை எதிரெதிராக வைத்த வடிவம். ஆட்டில் தரையைத் தொடாமல் தொங்கிய அந்தப் பின்முண்டுகள் பனிமானுக்கு நீளம். பனியில் கால் புதையும்போது அவையும் ஊன்றிக்கொள்ளும். கோடையில் அதன் அடிப்பாதம் மெத்தென்றிருக்கும், சதுப்பில் நடக்க அது தேவை. குளிர்காலத்தில் அந்தச் சதை சுருங்கி, குளம்பின் கூரிய ஓரம் வெளியே வந்து பனிக்கட்டியைக் கவ்வும். நடக்கும்போது பாதத்துத் தசைநாணொன்று எலும்பின்மேல் வழுக்கிக் ‘கிளிக், கிளிக்’ என்று ஓசை வரும். பனிப்புயலில் கண் தெரியாதபோது கூட்டம் பிரியாமல் இருக்க அந்த ஓசை உதவும் என்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டால் போதும், எந்தப் பிள்ளையும் அந்தப் பாதத்தை ஏனோதானோவென்று வரைவதில்லை.

கொம்பு கடைசியில்தான். இந்த ஒரு விஷயத்தில் சார் கண்டிப்பானவர். முதலில் கொம்பைப் போட்டவன் அதற்கேற்ற தலை தேடி அலைவான் என்பார். தலையிலிருந்து ஒரு நீண்ட தண்டு பின்னால் சாய்ந்து போய், வளைந்து மேலேறி, முன்னோக்கித் திரும்ப வேண்டும். அடிப்பகுதியிலிருந்து ஒரு கிளை முகத்தின்மேல் முன்னால் நீளும், அதன் நுனி தட்டையாக விரியும். உச்சியில் மற்ற கிளைகள். இடதும் வலதும் ஒரே அச்சாக இருக்க வேண்டியதில்லை, இயற்கையிலும் இருப்பதில்லை. ஒரு பக்கத்தை வரைந்துவிட்டு மறுபக்கத்துக்குத் தாளை மடித்துப் படியெடுக்கிற பழக்கம் பிள்ளைகளிடம் உண்டு, அதை நான் அனுமதிப்பதில்லை. சாயம் தீட்டும்போது உடம்புக்குச் சாம்பல் கலந்த பழுப்பு, கழுத்துக்கு வெளுப்பு. பனிமான் குட்டிக்கும் புள்ளி கிடையாது, நம் மான் குட்டிக்கு உண்டு. கண்ணைப் பற்றியும் ஒரு செய்தி சொல்வேன். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் கோடையில் பொன்னிறமாகவும் இருண்ட குளிர்காலத்தில் நீலமாகவும் மாறுகிறது. 2013இல் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். சாருக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

“இது பறக்குமா?” என்ற கேள்வி வராத வருஷமில்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுத்து வானத்தில் பறக்கும் எட்டு மான்களைக் கொண்டுவந்தது 1823இல் அமெரிக்காவில் ஒரு செய்தித்தாளில் வெளியான பாட்டு. சிவப்பு மூக்கு ருடால்ஃப் என்ற மான் 1939இல் பிறந்தது, சிகாகோவின் மாண்ட்கோமரி வார்டு என்ற கடை பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த புத்தகத்தில். எழுதியவர் ராபர்ட் மே. சிவப்பு மூக்கு முழுக் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. பனிமானின் மூக்குக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மனிதர் மூக்கில் இருப்பதைவிட ஏறக்குறைய 25 சதவீதம் நெருக்கமானவை என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. உறைபனிக் காற்றில் மூக்கு விறைக்காமல் இருக்க அந்த வெதுவெதுப்பு வேண்டும். சாமி என்ற மக்கள் நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் வட பகுதிகளில் பனிமான்களை மேய்த்து வாழ்கிறார்கள். குட்டியின் காதில் தங்கள் குடும்பத்துக்குரிய வெட்டுக்குறி இடுகிறார்கள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் சாயம் பூசிய ஆடுகளைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சார் எங்களில் சிலரைச் செத்தவரைக்கு அழைத்துப் போனது நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது. செஞ்சிக்கு மேற்கே, நல்லாண்பிள்ளைபெற்றாள் பக்கத்தில் இருக்கிற ஊர். சைக்கிளில் போனோம். மலையில் பாறை ஒதுங்கிடத்தில், வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. மான் இருக்கிறது, மீன் இருக்கிறது. மானின் உடற்கோட்டோடு ஓவியன் நிற்கவில்லை, உடம்புக்குள்ளே இருப்பதையும் கோடுகளாகக் காட்டியிருக்கிறான். தொல்லியல் அறிஞர்கள் இதை எக்ஸ்ரே பாணி என்கிறார்கள். மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்காவிலும் இந்தப் பாணி உண்டு. எங்கள் மாவட்டத்திலேயே கீழ்வாலையில் செங்காவியால் வரைந்த மனித உருவங்கள் இருக்கின்றன, ஆனால் எனக்குச் செத்தவரை மான்தான் உசத்தி. சார் அதன் முன் வெகுநேரம் பேசாமல் நின்றார். “இத வரைஞ்சவனுக்கு மானுக்குள்ள என்னா இருக்குன்னு தெரிஞ்சிருக்குடா” என்றார். அவன் அதைத் துரத்தியிருக்கிறான், அறுத்திருக்கிறான், தின்றிருக்கிறான், குதிகாலும் முட்டியும் எங்கே என்று கைகளால் அறிந்திருக்கிறான்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன், பனிமானுக்கும் இதே சரித்திரம் உண்டு என்று. பனியுகத்தில் அது பிரான்சின் தென்பகுதி வரை மேய்ந்திருக்கிறது. அங்கே ஃபோன் த கோம் குகையில் இரண்டு பனிமான்கள் எதிரெதிராக வரையப்பட்டிருக்கின்றன, ஒன்று மற்றொன்றின் நெற்றியை நக்குகிறது. இன்னொன்று, மாமூத் யானைத் தந்தத்தில் செதுக்கியது. ஏறக்குறைய 13,000 ஆண்டுப் பழமை. முன்னால் பெண், பின்னால் ஆண், இரண்டும் மூக்கை உயர்த்தி, கொம்பை முதுகோடு சாய்த்து ஆற்றை நீந்திக் கடக்கின்றன. 1860களில் பிரான்சில் மோந்தாஸ்த்ரூக்கில் கிடைத்தபோது உடைந்து இரண்டு துண்டாக இருந்ததால், தனித்தனிச் சிற்பங்கள் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பனிமானின் ரோமம் உள்ளே கூடாக இருந்து காற்றைப் பிடித்து வைப்பதால் அது தண்ணீரில் நன்றாக மிதக்கும். அந்தச் சிற்பி அது மிதப்பதைக் கரையில் நின்று பார்த்தவன். ஆண் எது, பெண் எது என்று அந்தத் தந்தத்தில் இன்றும் தெரிகிறது. இதன் படத்தையும் செத்தவரை மான் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இப்போது வகுப்பைத் தொடங்குகிறேன்.

சார் இப்போது இல்லை. அவர் வழியில் பழகிய பிள்ளைகள் வரையும் பனிமான் அட்டைப்பட மானைவிட அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நிற்கிறது. நான்கு காலிலும் கனம் இறங்கி, தரையில் ஊன்றி நிற்கிறது. குழந்தைக்கு நிறம் தீட்டும் புத்தகம் வாங்கிக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. யாரோ போட்ட கோட்டுக்குள் சாயத்தை நிரப்புகிற பிள்ளைக்கு, கால் ஏன் அங்கே மடங்குகிறது என்று கேட்க இடமே இல்லை.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றானது. மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுதியில் உள்ள 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. ராஜகிரியையும் கல்யாண மகாலையும் பார்க்க வெளியூர்ப் பள்ளிகளின் பேருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரை நாளைச் செத்தவரைக்கும் ஒதுக்குங்கள். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். ஓவியம் புகைப்படத்தில் பளிச்சென்று விழும் என்று பாறையில் தண்ணீர் தெளிக்க வேண்டாம், சாக்பீஸால் ஓரம் கட்ட வேண்டாம், கையால் தொடவும் வேண்டாம். எட்ட உட்கார்ந்து அந்த மானை வரையச் சொல்லுங்கள்.